அம்பாசிடருக்குத் தைலக்காப்பு

தம்பிகளா, இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருசம் யோசித்துவிட்டேன். பேனாவை எடுப்பேன், அரைப் பக்கம் ஓட்டுவேன், பிறகு மூடி வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன், எழுத்து வராது என்பது ஒரு காரணம். ஆனால் அது பெரிய காரணம் இல்லை. ஒரு வீட்டில் பக்தியோடு செய்துவந்த காரியத்தைப் பற்றி இதில் சொல்லியாக வேண்டும். நானும் நெற்றியில் திருநீறு இல்லாமல் வாசல் தாண்டாதவன்தான். படிக்கிறவர்கள், சாமி காரியத்தில் இவன் குறை கண்டுபிடிக்கிறான் என்று எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? அந்தப் பயத்திலேயே நாள் போய்விட்டது.

போன மாசம் திருச்சுழிக்குப் போய் திருமேனிநாதரைக் கும்பிட்டுவிட்டுப் பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டு அம்மாவே எதிரே வந்தார்கள். விசயத்தைச் சொன்னேன். "எழுதுங்க தம்பி. இதுல என்ன இருக்கு? என் பேரைப் போட்டே எழுதுங்க" என்றார்கள். சீனியம்மாள் என்பது அவர்கள் பேர். போட்டுவிட்டேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டில் டிங்கர் செட்டு வைத்திருந்தவன் நான். நசுங்கின வண்டியைத் தட்டி நிமிர்த்துவது, துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைப்பது, இதுதான் என் பிழைப்பு. முட்டி ஒத்துழைக்காததால் செட்டை விட்டுவிட்டேன். இப்போது பழைய கார்கள்மேல் எல்லோருக்கும் ஆசை திரும்பி வந்திருக்கிறது. நீங்களும் போன் போட்டு, "துருவுக்கு என்ன பண்றது அண்ணாச்சி?" என்று கேட்கிறீர்கள். வெட்டுவதும் ஒட்டுவதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கையில் நல்ல மிசின் இருக்கிறது. நான் சொல்ல வந்தது, மிசினை எடுப்பதற்கு முன்னால் இருக்கிற சமாச்சாரம்.

நம் பக்கம் மழை எப்படி என்று உங்களுக்கே தெரியும். வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்துதான் வலிக்கும். அதனால் "நம்ம ஊர்க் காருக்குத் துரு பிடிக்காது, துருவெல்லாம் கடலோரக்காரனுக்கு" என்று எல்லோரும் சொல்வோம். நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு மாசி மாசம், சிவராத்திரி நெருங்கின சமயம். எம்.ரெட்டியபட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வெள்ளை அம்பாசிடர் ஒன்று செட்டுக்கு வந்தது. பருத்தி போடுகிற குடும்பம். வண்டியைப் பார்த்தால் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு மினுக்கு. பம்பரில் சந்தனம், கண்ணாடியில் மாலை. ஓட்டி வந்தவர் அந்த வீட்டு மகன் செல்வம். மதுரையில் வேலை பார்க்கிறவர், வாராவாரம் ஊருக்கு வந்து போவார்.

"இடது பக்கக் கதவுக்குக் கீழ ரெண்டு கொப்புளம் வந்திருக்கு அண்ணாச்சி. சொரண்டி, பெயிண்ட் அடிச்சுக் குடுங்க. சிவராத்திரிக்குப் பெட்டி இதுலதான் போகணும்."

பெட்டி என்றால் குலசாமிப் பெட்டி. சாமியின் நகை, வஸ்திரம் எல்லாம் அதற்குள் இருக்கும். வருசம் முழுக்க அவர்கள் வீட்டில் இருக்கும். சிவராத்திரிக்குப் பங்காளிகள் எல்லோரும் கூடுகிற கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். முன்னே தலையில் சுமந்து போனார்களாம். அம்பாசிடர் வாங்கின பிறகு, குடும்பத்துப் பெரியவர் முன் சீட்டில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பெரியவர் செல்வத்தின் அப்பா, சீனியம்மாளின் வீட்டுக்காரர். அதற்கு முந்தின வருசம்தான் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப்போனது. பிறகு பேசுவதையே விட்டுவிட்டார்.

இதில் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். மதுரை ஆஸ்பத்திரிக்கு அவரைக் காரியாபட்டி வழியாகக் கூட்டிப்போவதும் இந்த வண்டியில்தான். மகனுடைய புதுக் காரில் ஒரு தடவை ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். தலை இடித்து, கால் மடங்காமல், மனுசன் கண்ணில் தண்ணீர் விட்டுவிட்டாராம். அம்பாசிடரில் முன் சீட்டு உயரம், கதவு அகலம். பக்கவாட்டில் உட்கார வைத்து, காலைத் தூக்கி உள்ளே வைத்தால் வேலை முடிந்தது. வீட்டைவிட்டு அவர் வெளியே வருவதற்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு கதவுதான்.

கொப்புளத்தைப் பார்ப்பதற்கு முன் வண்டியைக் கொஞ்சம் தூக்குவோம் என்று ஜாக்கி வைத்தேன். கைப்பிடியைச் சுற்றினேன். ஜாக்கி மேலே போனது, வண்டி போகவில்லை.

பக்கத்துச் செட்டில் கேஸ் வெல்டிங் வைத்திருந்தவர் வீரசோழன் ஊர்க்காரர், பாய் என்றுதான் கூப்பிடுவோம். சத்தம் கேட்டு வந்து குனிந்து பார்த்தார். "ஏலே, இது காரு இல்ல, அப்பளம். எண்ணெய் காய வச்சா பொரிச்சுறலாம்."

செல்வத்துக்குச் சிரிப்பு வரவில்லை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற ரன்னிங் போர்டுக்குள் ஜாக்கி புகுந்து நின்றது. அந்த வண்டிக்குத் தனியாக சேசிஸ் என்கிற அடிச்சட்டம் கிடையாது. தரையையும் கதவுத் தூணையும் தாங்குவதே அந்தப் பகுதிதான். அதுவும் இடது பக்கம், பெரியவர் உட்காருகிற பக்கம்.

"மறைக்காமச் சொல்லுங்க அண்ணாச்சி. இது தேறுமா? தேறாதுன்னா காயலான் கடைக்கு ஒரு போன் போட்டுருதேன். அப்பாவ வச்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்க முடியாது."

நான் பதில் சொல்வதற்குள் அவரே குரலைத் தாழ்த்தினார். "இல்லைன்னா ஒண்ணு செய்வோமா? இப்போதைக்குப் பட்டி வச்சு மூடிருங்க. சிவராத்திரி போயிட்டு வந்துரட்டும். பெறகு பாத்துக்கிடலாம்."

தம்பிகளா, இந்த வார்த்தை உங்கள் காதிலும் விழும். கல்யாணத்துக்கு மட்டும், எப்.சி.க்கு மட்டும், விக்கிறதுக்கு மட்டும் என்று கேட்பார்கள். ஓட்டைக்குள் காகிதத்தைத் திணித்து, மேலே பட்டிப் பசையைப் பூசி, தேய்த்துப் பெயிண்ட் அடித்தால் பொங்கல் பானை மாதிரி மினுங்கும். நம் கைக்கும் அது சுலபம். ஆனால் பட்டி எதையும் தாங்காது. தாங்குகிற மாதிரி காட்டும், அவ்வளவுதான். சாமி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கைகால் விழுந்த ஒரு மனிதர் உட்காருகிற இடம் அது. எனக்குக் கை வரவில்லை. அதே சமயம், தேறாது என்று சொல்லிவிட்டால் அவருடைய கதவு போய்விடும்.

"திறந்து பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

திறந்தோம். உள்ளேயிருந்து கரிசல் மண் கட்டி கட்டியாக விழுந்தது. காட்டுப் பாதையில் ஒட்டின மண், தண்ணீர் வடிய விட்டிருக்கிற ஓட்டையெல்லாம் அடைத்திருக்கிறது. அதில் அதிசயம் இல்லை. ஆனால் மண் ஈரமாக இருந்தது. மார்கழிக்குப் பிறகு ஒரு சொட்டு மழை இல்லை. நான் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

பாய் முகத்தைச் சுளித்தார். "வீட்ல கஞ்சி ஊத்தலியா?"

"உப்பு கரிக்குது பாய்."

அன்றைக்கு வெட்டுகிற வேலையைத் தொடங்கவில்லை. "வீட்டைப் பாக்கணும்" என்று செல்வத்திடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உங்களுக்கு நான் சொல்கிற பெரிய விசயம் இதுதான்: துரு வந்த வண்டியைச் செட்டில் மட்டும் பார்க்காதீர்கள். அது தூங்குகிற இடத்தைப் போய்ப் பாருங்கள்.

வண்டி நிற்கிற இடம் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஓலைக் கொட்டகை. ஊரெல்லாம் வெடித்துக் கிடக்கிறது, அந்த ஒரு இடத்தில் மட்டும் தரை நசநசவென்று மஞ்சள் கறையோடு. சுவரோரம் ஓஸ் பைப்பு. சீனியம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"இது எந்தத் தண்ணிக்கா?"

"குடிங்க தம்பி, டேங்கு தண்ணிதான். நம்ம போர் தண்ணிய வாயில வைக்க முடியாதுல்ல. அண்டாவெல்லாம் வெள்ளையாப் பூத்துக் கெடக்கு பாருங்க."

"வண்டி கழுவுறது?"

"அது போர் தண்ணி. வெள்ளிக்கிழமை தவறாது. அவுக நல்லா இருந்தப்ப அவுக செய்வாக. விழுந்ததுக்கப்புறம் நான் விடல. மேலருந்து ஓஸ விட்டு நல்லாக் குளிப்பாட்டி, கடைசியா மஞ்சத் தண்ணி குடத்தோட ஊத்தி, சந்தனம் வச்சு, சூடம் காட்டுவேன். சாமி பெட்டி ஏறுற வண்டியில்ல? அது நல்லா இருந்தாத்தான அவுக நல்லா இருப்பாக."

செம்பு என் கையிலேயே நின்றுவிட்டது. வாசல் அறையில் கட்டிலில் பெரியவர் சாய்ந்திருந்தார். எங்கள் பேச்சு அவர் காதில் விழுகிற தூரம்தான்.

வண்டிக்கு வயசாகிவிட்டது அக்கா, அதான், என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அந்த அம்மா மனசும் நோகாது. ஆனால் நான் புதுத் தகரம் வைத்து அனுப்புவேன், அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் குடம் குடமாக உப்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரண்டு மழைக்காலம் தாங்குமா? நம் வேலையில் இரும்பு ஒரு நாளும் எதிர்த்துப் பேசாது. மனுசரிடம் சொல்லவேண்டியதைச் சொல்வதுதான் கஷ்டம். முருகா என்று மனசில் சொல்லிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"நீங்க வாயில வைக்க மாட்டேங்கிற தண்ணியத்தான்கா அதுக்கு வாராவாரம் ஊத்துறீக. வெளிய காஞ்சிருது. உள்ள போனது காயல. உப்பு உள்ளுக்குள்ளயே உக்காந்து தின்னுருக்கு."

அவர்கள் சுவரோரம் கிடந்த ஓஸ் பைப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மெதுவாக, "அப்ப நாந்தான் கெடுத்தேனா?" என்றார்கள்.

"தண்ணி கெடுத்துச்சு. நீங்க இல்லக்கா."

அது ஒரு பதிலா? சொன்ன எனக்கே அது பதிலாகத் தெரியவில்லை. அவர்கள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். வெளியே வரவில்லை. கட்டிலில் இருந்தவர் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். காப்பி போடுகிற சத்தம்கூட உள்ளேயிருந்து கேட்கவில்லை. திரும்பி வருகிற வழியெல்லாம், ஒரு பொம்பளையின் கும்பிடுதலில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று எனக்கு ஒரே குமைச்சல். என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "சொன்னது நெசம்தான? பெறகென்ன? சாப்பிடுங்க" என்றாள். 

மறுநாள் காலையில் செட்டுக்கு எதிரே சேர் ஆட்டோ நின்றது. சீனியம்மாள் இறங்கினார்கள், கையில் ஒரு தூக்குவாளி. சண்டைக்கு வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி, நம்ம குலசாமி எதுல செஞ்சது தெரியுமா?"

"தெரியலையேக்கா."

"சுதை. குதிரையோட சேத்து சுண்ணாம்புல செஞ்சது. எனக்குத் தெரிஞ்சு எவனும் அதுமேல ஒரு செம்புத் தண்ணி ஊத்துனதில்ல. ஊத்துனா கரைஞ்சு போகும்னு பூசாரி கிட்ட விட மாட்டாரு. முன்னால இருக்க கல்லுக்குத்தான் அபிசேகம். சாமிக்கு எண்ணெய் பூசுற தைலக்காப்புத்தான். கல்யாணமாகி வந்த நாள்லருந்து அதத்தான் கும்பிடுதேன். கல்லு எது, சுதை எதுன்னு சாமிக்குப் பாத்தவளுக்கு வண்டிக்குப் பாக்கத் தோணலையே!"

 அவர்கள் வாளியை நீட்டினார்கள். விளக்கெண்ணெய், வீட்டில் ஆட்டினது.

"இதுக்கும் தைலக்காப்புச் செய்ய முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லுங்க."

அந்த அம்மா கேட்ட வைத்தியம்தான் நம் தொழிலில் சரியான வைத்தியமும். உள்ளே சுத்தம் செய்து, காய வைத்து, தண்ணீர் ஒட்டாதபடி எண்ணெய்ப் பூச்சை மூலைமுடுக்கெல்லாம் ஏற்றிவிடுவது. அதைச் சொல்லிப் புரியவைக்கத் தெரியாமல்தான் நான் முந்தின நாள் தலைகுனிந்து வந்திருந்தேன்.

பாய் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "ஏலே, இத்தனையும் காருக்கா? எங்க வீட்டு மாட்டு வண்டி அச்சுக்குக் கொஞ்சம் தா."

"உங்களுக்கும் வேணும்னா ஊத்தட்டுமா பாய்? உள்ள என்ன துரு இருக்கோ!" என்றார்கள் சீனியம்மாள். பாய் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார்.

விளக்கெண்ணெய் மட்டும் போதாது, நாளானால் பிசுபிசுத்து மண்ணைப் பிடிக்கும் என்று சொன்னேன். வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு முதல் பூச்சுக்கு அதில் ஒரு கரண்டி அவர்கள் கையாலேயே விட்டார்கள். மிச்சத்துக்கு மெழுகும் ஆயிலும் காய்ச்சி நான் ஏற்றினேன். ஒரு கரண்டியால் வண்டி கெட்டுப்போகாது. அந்த ஒரு கரண்டியை வேண்டாமென்று சொல்லியிருந்தால் வேறு ஒன்று கெட்டுப்போயிருக்கும்.

வேலை நான் நினைத்ததைவிட ஆழமாகப் போனது. வண்டி நடுவில் தொய்ந்துவிடாமல் கதவு வாசலில் குறுக்கே கம்பி வைத்துக் கட்டிக்கொண்டு, வெட்டி, பாயும் நானும் ராப்பகல் பார்க்காமல் ஒட்டினோம். தாங்குகிற பகுதி எல்லாம் புதுசு. ஆனால் பெயிண்டுக்கு நாள் இல்லை. பட்டி காயணும், தேய்க்கணும், அடிக்கணும். சிவராத்திரி வாசலில் நிற்கிறது. வெள்ளை வண்டியில் கதவுக்குக் கீழேயும், பின் மட்கார்டு ஓரத்திலும், டிக்கியிலும் துருவைத் தடுக்க அடிப்பூச்சாகப் பூசின ரெட் ஆக்சைடு செங்காவி நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரிந்தது.

செல்வம் வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்தார். "பங்காளிக கொல்லுவாங்க அண்ணாச்சி. ஒவ்வொருத்தனும் புதுக் காருல வாரான். இதுல எப்படிப் போறது?"

"வண்டி ஓடுறதுக்கு நான் உத்தரவாதம். பார்வை பத்தி நீங்கதான் முடிவு பண்ணணும் தம்பி. அவசரமாப் பெயிண்ட் அடிச்சா உள்ள ஈரம் மாட்டிக்கிடும். அதுக்குப் பழையபடி இருந்திருக்கலாம்."

அவர் முடிவு பண்ணவில்லை. போன் போட்டு, அப்பா காதில் வைக்கச் சொன்னார். எல்லாம் சொல்லிவிட்டு, "போவமாப்பா?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "ம்" என்றது அந்தப் பக்கம்.

சிவராத்திரி அன்று என்னையும் வரச் சொன்னார்கள். பின் சீட்டில் சீனியம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்னே பெரியவர், மடியில் பெட்டி, இடது கையால் அணைத்துப் பிடித்தபடி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் ஒரு சாமி பேரைச் சொன்னேன். கோயில் வருவதற்குள் எனக்குத் தெரிந்த சாமிகள் தீர்ந்துபோய்விட்டன. கதவு ஒரு நூல் அசையவில்லை. கிறீச்சென்ற சத்தம்கூட இல்லை.

கோயில் வாசலில் பங்காளிகள் கூட்டம். செல்வம் பயந்தது மாதிரியே ஆனது. ஒரு இளவட்டம் வண்டியைச் சுற்றி வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டான்:

"என்ன பெரியப்பு, வண்டிக்கு அம்மை போட்டிருக்கா?"

சிரித்தார்கள். செல்வம் காது சிவந்துவிட்டது. நான் தரையைப் பார்த்தேன். அப்போது முன் சீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குழறலாக, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"வே... வேப்பிலை... கட்டுலே."

 விழுந்த நாளிலிருந்து வெளி மனுசரிடம் ஒரு வார்த்தை பேசாதவர். அந்தப் பையனே முதலில் சிரித்தான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தர் உண்மையாகவே ஓடிப்போய் வேப்பங்குழை ஒடித்துவந்து பம்பரில் கட்டினார். சீனியம்மாள் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி சொன்னார்கள்:

"அம்மை எறங்குனாலும் இவளுக்குத் தலைக்குத் தண்ணி மட்டும் ஊத்த மாட்டோம்யா!"

பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். பெரியவரைப் பக்கவாட்டில் திருப்பி, காலை வெளியே எடுத்து, செல்வமும் அந்தக் கேலி பண்ணின பையனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி சன்னதிக்குக் கூட்டிப்போனார்கள்.

சித்திரையில் நிதானமாகப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த வண்டி மதுரை ரோட்டில் போய் வருகிறது. வெள்ளிக்கிழமை காய்ந்த துணியால் துடைத்து, சந்தனம் வைத்து, சூடம் காட்டுகிறார்கள். வருசத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன்னால், காப்பு. பெரியவர் இப்போது நாலு வார்த்தை பேசுகிறார். அதில் இரண்டு கிண்டல்.

தம்பிகளா, ஒரு வேண்டுகோள். இந்தக் கதை நம் செட்டுகளில் ஏற்கெனவே வேறு மாதிரி உலாவுகிறது. குலசாமி என் கனவில் வந்து தைலக்காப்புச் செய்யச் சொன்னதாக ஒருத்தர் சொல்கிறார். சாமிக்குத் தண்ணீர் ஊற்றாதே என்று நான் ஒரு பொம்பளையை அதட்டியதாக இன்னொருத்தர். எனக்குக் கனவு எதுவும் வரவில்லை. நான் யாரையும் அதட்டவும் இல்லை. துரு எங்கே என்று நான் கண்டேன், மருந்து என்ன என்று சீனியம்மாள் கண்டார்கள். அந்த எண்ணத்தை அவர்களுக்குக் கொடுத்தது சாமிதான் என்று நான் நம்புகிறேன். அது என் நம்பிக்கை, அதை நீங்கள் விட்டாலும் சரி. ஆனால் அடுத்தவருக்குச் சொல்லும்போது அந்த அம்மா பேரை எடுத்துவிட்டு என் பேரைப் போட்டுவிடாதீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அதற்கு மேல் ஒரு கை பட்டிகூடப் பூச வேண்டாம்.